எலி பெருகிய ஊரில் இறங்கும் பறவை

2013ஆம் ஆண்டு கோடையில், கனடாவின் கியூபெக் மாநிலத்து வடகோடியில், மரமே இல்லாத வெட்டவெளியில் ஒரு பறவைக் கூட்டைப் படம் எடுத்தார்கள். கூடு என்றதும் சுள்ளியும் நாரும் வைத்துப் பின்னியதாக எண்ண வேண்டாம். மேட்டு மண்ணில் காலால் பறித்த குழி, அவ்வளவுதான். அந்தக் குழியைச் சுற்றி வரப்புக் கட்டியதுபோலச் செத்த எலிகள் கிடந்தன. எண்ணிப் பார்த்தார்கள். லெம்மிங் எழுபது, வோல் என்ற இன்னொரு எலி வகை எட்டு.

எழுபத்தெட்டு எலிகளை ஒரு குடும்பம் ஒரே நாளில் தின்ன முடியாது. தின்பதற்கு மேல் பிடித்துக் கொண்டுவந்து குவித்திருக்கிறது தகப்பன் பறவை. அந்தக் கூடு பனி ஆந்தையுடையது.

அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் கிழக்குக் கரை நெடுகப் பனி ஆந்தைகள் வந்து இறங்கின. கடற்கரை மணல்மேடு, அறுவடை முடிந்த வயல், விமான நிலைய ஓடுபாதை என்று எங்கே பார்த்தாலும் வெள்ளை வெள்ளையாக உட்கார்ந்திருந்தன. ஒன்று ஃப்ளோரிடா வரை போனது. இன்னொன்று நடுக்கடலில் இருக்கும் பெர்முடா தீவில் போய் இறங்கியது. இப்படி ஆந்தைகள் தெற்கே கூட்டமாக வரும்போதெல்லாம் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த காரணம் ஒன்று உண்டு: வடக்கே பஞ்சம், பட்டினி தாங்காமல் ஓடி வருகின்றன. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் பிடித்துப் பார்த்த ஆந்தைகளில் பெரும்பாலானவை கொழுத்திருந்தன. பெரும்பாலும் அந்த ஆண்டு பிறந்த இளம் பறவைகள். பஞ்சத்தில் பிறந்த குஞ்சுகள் அத்தனை எண்ணிக்கையில் இருக்க முடியாது. எழுபது லெம்மிங் வரப்பு கட்டிய கோடையின் குழந்தைகள் அவை. வடக்கே விளைச்சல் அமோகம். அது தெற்கே வழிந்தது.

இந்தப் பறவையைப் பற்றி மனிதர்கள் திரும்பத் திரும்பத் தவறாகவே கணித்திருக்கிறார்கள். அது எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது, ஏன் வருகிறது என்ற மூன்று கேள்விகளிலும் தவறியதற்குக் காரணம் ஒன்றே. பறவைக்கு ஓர் ஊர் இருக்கும் என்று நாம் நம்புகிறோம். பனி ஆந்தைக்கு ஊர் கிடையாது. எலி பெருகிய இடம்தான் அந்த ஆண்டு அதற்கு ஊர்.

ஆளை முதலில் பார்த்துவிடலாம். பெண் ஆந்தை இரண்டு கிலோவுக்கு மேல் எடை இருக்கும். ஆண் சற்றுச் சிறியது. சிறகை விரித்தால் ஒன்றரை மீட்டர் வரை போகும். வட அமெரிக்காவில் எடையில் இதை மிஞ்சும் ஆந்தை இல்லை. பார்க்க இன்னும் பெரிதாகத் தோன்றும், ஏனென்றால் கண்ணும் நகமும் தவிர மற்றதெல்லாம் இறகுக்குள் புதைந்திருக்கிறது. அலகைக்கூட முகத்து இறகுகள் பாதி மூடியிருக்கும். காலில் கம்பளிக் காலுறை மாட்டியதுபோல விரல் வரை அடர்ந்த இறகு. இந்த இறகுப் போர்வை எவ்வளவு வெப்பத்தைக் காக்கிறது என்று ஆய்வகத்தில் அளந்தவர்கள் அதைத் துருவ நரியின் தோலோடு ஒப்பிட்டார்கள். பறவைக்கு அப்படியொரு ஒப்புமை கிடைப்பது சாதாரணமல்ல.

லின்னேயஸ் 1758இல் உயிரினங்களுக்குப் பெயர் வைத்துப் பட்டியல் போட்டபோது இந்த ஒரே பறவையை இரண்டு பெயரில் இரண்டு இனமாகப் பதிந்துவைத்தார். ஆணையும் பெண்ணையும் அருகருகே பார்த்தால் அவரைக் குறை சொல்லத் தோன்றாது. முதிர்ந்த ஆண் கிட்டத்தட்டத் தூய வெள்ளை. பெண்ணின் உடம்பெங்கும் கரும்பழுப்புக் கோடுகள். இளம் பறவைக்கு அவை இன்னும் அடர்த்தி. பிற்பாடு இதற்கென்றே ஒரு தனிப் பேரினம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அந்தத் தனிக்குடித்தனம் கலைந்து, பூபோ என்ற பேரினத்தில் சேர்க்கப்பட்டது. நம் ஊர்ப் பாறைக் குன்றுகளில் அந்தி நேரத்தில் கனத்த குரல் கொடுக்கும் கொம்பன் ஆந்தையும் அதே பூபோதான். கொம்புபோல நிற்கும் தலை இறகு பனி ஆந்தைக்கும் உண்டு. மிகச் சிறியதாகப் படிந்து கிடப்பதால் யார் கண்ணுக்கும் படுவதில்லை.

ஹாரி பாட்டர் கதையில் வரும் ஹெட்விக் இந்த இனம்தான் என்பது குழந்தைகள் உள்ள வீடுகளில் தெரிந்திருக்கும். கதையில் ஹெட்விக் பெண். திரைப்படங்களில் அந்த வேடம் போட்டவை ஆண் ஆந்தைகள். அந்த வெள்ளை பெண்ணுக்கு வராது. இதன் பக்கவிளைவு இந்தியா வரை வந்தது. 2010இல் அப்போதைய ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், நகரத்து நடுத்தரக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு ஆந்தை வாங்கித் தரும் மோகம் பரவியிருக்கிறது, அதற்கு ஹாரி பாட்டரும் காரணம் என்று வருத்தப்பட்டார். சந்தையில் விற்கப்பட்டவை பனி ஆந்தைகள் அல்ல, பாவம், நம் ஊர் ஆந்தைகள்.

வெள்ளை நிறம் பனியில் மறைவதற்குத்தானே என்று தோன்றும். பாதிதான் சரி. கூடு கட்டும் பருவத்தில், தூந்திரா எனப்படும் மரமற்ற துருவ வெளியில் பனி உருகி, தரை பழுப்பும் பச்சையுமாகக் கிடக்கும். அந்த நேரத்தில் ஒரு மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஆண் ஆந்தை தொலைதூரத்திலிருந்தே தெரியும். இது என் எல்லை, கிட்டே வராதே என்று சொல்ல அந்த வெள்ளையை அது பயன்படுத்துகிறது. கனடாவின் சஸ்காட்சுவான் சமவெளியில் குளிர்காலத்தைக் கழிக்கும் ஆந்தைகளைக் கவனித்த கேரி போர்ட்டலாட்டியும் தோழர்களும், வானம் தெளிந்த நாளில் அவை சூரியனை நோக்கி முகத்தைத் திருப்பி உட்காருவதைக் கண்டார்கள். மார்பு வெள்ளை வெயிலில் பளிச்சிடும்படி உட்காருகின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம். முட்டைமேல் நாள் கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டியவள் பெண். அவளுக்குத்தான் மறைப்பு வேண்டும், கோடுகளும் அவளுக்குத்தான்.

ஆந்தை இரவுப் பறவை என்ற பாடமும் இங்கே செல்லாது. அலாஸ்காவின் வடமுனையில் இருக்கும் உட்கியாக்விக் ஊரில் மே மாதம் எழும் சூரியன் ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் மறைகிறது. இருட்டினால்தான் வேட்டைக்குப் போவேன் என்று அங்கே ஓர் ஆந்தை அடம் பிடித்தால் குடும்பமே பட்டினி. ஆகவே பகல் வெளிச்சத்தில் வேட்டையாடுகிறது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனே வராதபோது இருட்டிலும் வேட்டையாடுகிறது.

உட்கியாக்விக் என்ற பெயரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் வைத்த பாரோ என்ற பெயரை மாற்றி, இன்யூபியாக் மக்களின் பழைய பெயரையே வைக்கலாம் என்று 2016இல் ஊரார் வாக்களித்து முடிவு செய்தார்கள். எது பழைய பெயர் என்பதில்தான் பிணக்கு. உண்ணக்கூடிய கிழங்கு தோண்டும் இடம் என்ற பொருளில் உட்கியாக்விக் என்றது ஒரு தரப்பு. பனி ஆந்தைக்கு அம்மொழியில் உக்பிக் என்று பெயர். ஆந்தைகளை மனிதர்கள் வேட்டையாடும் இடம் என்ற பொருளில் உக்பியாக்விக் என்பதே சரி என்றது மற்றொரு தரப்பு. வாக்கில் கிழங்கு ஜெயித்தது. ஆந்தை தோற்றாலும் ஊரை விட்டுப் போகவில்லை. டென்வர் ஹோல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1992 முதல் அங்கே கோடைதோறும் போய்க் கூடுகளைக் கணக்கெடுக்கிறார். சில ஆண்டுகளில் டஜன் கணக்கில் கூடுகள். சில ஆண்டுகளில் ஒன்றுகூட இல்லை. இடம் அதே, ஆய்வாளர் அதே. மாறுவது லெம்மிங் கணக்கு மட்டும்.

லெம்மிங் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கொறிவிலங்கு. குட்டை வால், உருண்டை உடம்பு. நூறு கிராமைத் தாண்டுவது அரிது. கூட்டம் கூட்டமாகப் போய்க் கடலில் விழுந்து தற்கொலை செய்துகொள்ளும் என்று இதைப் பற்றி ஒரு கதை உலவுகிறதே, அதற்குப் பெரும் பங்களித்தது 1958இல் வெளிவந்த டிஸ்னியின் ஆவணப்படம். கடலே இல்லாத ஆல்பர்ட்டா மாநிலத்தில், விலைக்கு வாங்கி வந்த லெம்மிங்குகளை மேட்டிலிருந்து தள்ளிவிட்டுப் படமெடுத்தார்கள் என்பது 1982இல் கனடா தொலைக்காட்சி ஒன்று துருவியபோது வெளியே வந்தது. அந்தப் படத்துக்கு ஆஸ்கர் விருது வேறு.

உண்மையில் லெம்மிங்கிடம் வியக்க வேண்டியது சாவு அல்ல, பிறப்பு. அது குளிர்காலத்தில் தூங்குவதில்லை. பனிக்கு அடியில் விழித்திருக்கிறது, தின்கிறது, அதைவிட முக்கியம், குட்டி போடுகிறது. எப்படி முடிகிறது? பனியின் அடித்தட்டில்தான் விடை. குளிர்காலத்தில் மேலே வீசும் காற்றைவிடத் தரை சூடாக இருக்கும். தரையை ஒட்டிய பனித்துகள்கள் அந்தச் சூட்டில் ஆவியாகி மேலே ஏறி, குளிர்ந்த அடுக்கில் மறுபடி உறைகின்றன. வாரக்கணக்கில் இது நடந்தால் பனியின் அடிப்பகுதி இறுக்கம் தளர்ந்து, சீனியைக் கொட்டிவைத்ததுபோல மணிமணியாகிவிடும். அந்த மணிகளுக்கிடையே லெம்மிங் சுலபமாகச் சுரங்கம் பறிக்கிறது. மேலே மைனஸ் 30 டிகிரிக் காற்று ஊளையிட்டாலும் அதன் கடுமை கீழே எட்டுவதில்லை. பாசியும் புல்லடியும் பக்கத்திலேயே இருக்கின்றன. காய்ந்த புல்லைப் பந்தாகச் சுருட்டி அதற்குள் பிரசவம். நல்ல பனி பெய்து, நீண்ட நாள் நிலைத்த ஆண்டுகளில், வசந்தத்தில் பனி உருகும்போது தரையெங்கும் லெம்மிங் ஓடும்.

கிரீன்லாந்தின் வடகிழக்கில் டிரெயில் தீவு என்றொரு தீவு. 1988 முதல் பெனுவா சிட்லர் என்பவர் கோடைதோறும் அங்கே போய் ஒரு பள்ளத்தாக்கு முழுக்க நடந்து அந்தப் புல் பந்துகளை எண்ணிவருகிறார். பனி உருகியதும் அவை தரைமேல் அநாதையாகக் கிடக்கும். எத்தனை பந்து இருக்கிறது என்பதை வைத்துக் கடந்த குளிர்காலத்தில் எத்தனை லெம்மிங் வாழ்ந்தது என்று ஊகிக்கலாம். சில பந்துகளைப் பிரித்தால் உள்ளே லெம்மிங்கின் ரோமம் மெத்தைபோலப் பரப்பியிருக்கும். அது லெம்மிங் செய்த வேலையல்ல. கீரியைப்போல மெலிந்து நீண்ட ஸ்டோட் என்ற வேட்டை விலங்கு, பனிக்கடியில் சுரங்கத்துக்குள்ளேயே நுழைந்து வீட்டுக்காரரைத் தின்றுவிட்டு, அவருடைய ரோமத்தையே மெத்தையாக்கி அவர் வீட்டிலேயே தூங்கிய அடையாளம்.

அந்தப் பள்ளத்தாக்கில் உணவுக் கணக்கு மிக எளிது. இரை ஒன்று, லெம்மிங். தின்பவர் நால்வர்: ஸ்டோட், துருவ நரி, நீள்வால் ஸ்குவா என்ற கடற்பறவை, பனி ஆந்தை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை லெம்மிங் பெருகி, பிறகு சரிந்து, மறுபடி ஏறும். கடிகாரம்போல நடந்துவந்த இந்தச் சுழற்சியை ஒலிவியே ஜில்க், இல்க்கா ஹான்ஸ்கி, சிட்லர் மூவரும் 2003இல் சயன்ஸ் இதழில் விளக்கினார்கள். ஆந்தையும் நரியும் ஸ்குவாவும் லெம்மிங் பெருகியதும் வந்து குவிந்து தின்று, ஏற்றத்துக்கு ஓர் உச்சவரம்பு வைக்கின்றன. இறக்கத்தை நடத்துவது ஸ்டோட். அது மெதுவாகக் குட்டி போட்டு ஓராண்டு தாமதமாகப் பெருகுவதால், லெம்மிங் குறையத் தொடங்கிய பிறகும் தின்கிற வாய்கள் கூடிக்கொண்டே போகின்றன. கடைசியில் ஸ்டோட்டும் பட்டினியில் குறையும். லெம்மிங் மூச்சு விடும்.

இதில் ஆந்தையின் பங்கு எனக்குப் பிடித்தது. ஸ்டோட் அந்த ஊர்க்காரர், நல்லதோ கெட்டதோ அங்கேயே கிடந்தாக வேண்டும். ஆந்தை வசந்தத்தில் பறந்து வந்து பார்க்கும். பனி உருகும் நேரத்தில் ஒரு ஹெக்டேருக்கு ஏறக்குறைய இரண்டு லெம்மிங்காவது இருந்தால் தங்கும். இல்லையென்றால் கிளம்பிவிடும்.

தங்குவது என்று முடிவானால் பிறகு எதிலும் கஞ்சத்தனம் இல்லை. ஆண், அலகில் ஒரு லெம்மிங்கைக் கவ்வியபடி சிறகை மேலே தூக்கி ஏறி இறங்கிப் பறந்து காட்டும். பிறகு தரையிறங்கி, கொண்டுவந்ததைப் பெண்ணின் முன் வைத்து, சிறகைப் பாதி விரித்துத் தலைகுனிந்து நிற்கும். சீர்வரிசை சரியாக இருந்தால் சம்மதம். பெண், காற்று அடித்துப் பனி சீக்கிரம் கரையும் மேடாகப் பார்த்துக் குழி பறிப்பாள். தலைமுறை தலைமுறையாக ஆந்தைகள் உட்காரும் மேடுகளில் எச்சமும் எலும்பும் மக்கி, சுற்றிலும் இல்லாத பசுமை அங்கே மட்டும் இருக்கும்.

முட்டையின் எண்ணிக்கை லெம்மிங்கைப் பொறுத்தது. சுமாரான ஆண்டில் மூன்று நான்கு. அமோகமான ஆண்டில் பதினொன்று வரை. மோசமான ஆண்டில் முட்டையே கிடையாது. பெண் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இடுவதில்லை. ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒன்று. ஆனால் முதல் முட்டை விழுந்ததுமே அடைகாக்கத் தொடங்கிவிடுவாள். விட்டால் குளிரில் உறைந்துபோகும். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 32 நாள் அடை. எனவே குஞ்சுகளும் இரண்டு நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாகத்தான் வெளிவரும். எட்டுக் குஞ்சு உள்ள வீட்டில் மூத்தது இரண்டு வாரம் வளர்ந்து நிற்கும்போது கடைக்குட்டி முட்டை ஓட்டை உடைக்கும். இரை தட்டினால் முதலில் போவது கடைக்குட்டிதான். இரை தட்டாத ஆண்டில் கடைக்குட்டிக்கும் பங்கு கிடைக்கும். வரப்பு கட்டி எலி அடுக்குவதன் பொருள் இதுதான்.

குஞ்சுகள் மூன்று வார வயதில், பறக்கத் தெரியாமலே, கூட்டை விட்டு நடந்து போய்விடுகின்றன. சாம்பல் நிறத் தூவியோடு அவை கல்லுக்கும் பாசிக்கும் நடுவே ஆளுக்கொரு மூலையில் பதுங்கிக் கிடக்கும். நரி வந்தால் ஒன்று போகும், எல்லாம் போகாது. பறக்க இன்னும் மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை தகப்பன் ஒவ்வொன்றையும் தேடிப் போய் ஊட்ட வேண்டும். முதிர்ந்த ஆந்தை ஒன்று ஆண்டுக்கு 1,600 லெம்மிங்குக்கு மேல் தின்னக்கூடும் என்பது அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. குடும்பக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

கூட்டை நெருங்கும் யாரையும் அந்த ஆண் விடுவதில்லை. நரியை விரட்டும், ஓநாய்மேல் பாயும், ஆய்வாளர் தலையில் நகம் பதிக்கும். இதை வாத்துகள் தெரிந்து வைத்திருக்கின்றன. சைபீரியாவுக்கு வடக்கே ரேங்கல் தீவில் பனிவாத்துகள் பனி ஆந்தைக் கூட்டைச் சுற்றிலும் தங்கள் கூடுகளை அமைத்துக்கொள்கின்றன. நரிக்குப் பயந்து கழுகு வீட்டுத் திண்ணையில் குடியேறுவதுபோலத்தான். ஆந்தை வாத்துக்குஞ்சையும் தின்னக்கூடியது. ஆனால் ஆந்தை கூடு கட்டும் ஆண்டு லெம்மிங் மலிந்த ஆண்டு. பக்கத்து வீட்டுக்காரர்மேல் அதற்கு நாட்டமில்லை. இப்படி ஒரு லெம்மிங் விளைச்சல், அதைத் தின்னாத வாத்தைக்கூட வாழவைக்கிறது.

சரி, லெம்மிங் இல்லாத ஆண்டில் ஆந்தை எங்கே போகிறது? நெடுநாள் யாருக்கும் தெரியாது. 2007இல் கனடாவின் பைலோ தீவில் கூடு கட்டியிருந்த பெண் ஆந்தைகள் சிலவற்றின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, தெரியன், கோத்தியே முதலிய கியூபெக் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். ஓர் ஆண்டு கூடு வைத்த இடத்துக்கும் மறு ஆண்டு கூடு வைத்த இடத்துக்கும் சராசரித் தொலைவு 725 கிலோமீட்டர். ஒன்று 2,200 கிலோமீட்டர் தாண்டிப் போய்க் கூடு வைத்தது. கன்னியாகுமரியில் ஒரு பிரசவம், அடுத்தது டெல்லிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலாஸ்காவில் கருவி பொருத்திய ஆந்தைகள் ரஷ்யாவுக்கும் கனடாவுக்கும் போய்வந்தன. துருவத்தைச் சுற்றியிருக்கும் நாடுகளின் ஆந்தைகளை மரபணு வழி ஒப்பிட்டபோதும் இந்த நாட்டு ஆந்தை, அந்த நாட்டு ஆந்தை என்று பிரிக்க எதுவும் கிடைக்கவில்லை.

அதைவிட ஆச்சரியம் குளிர்காலத்தில் காத்திருந்தது. கருவி மாட்டிய பெண்களில் பல தெற்கே வரவில்லை. உறைந்த கடலுக்குப் போயின. சூரியனே எழாத இருட்டில், கடற்பனி விரிசல் விட்டுத் தண்ணீர் தெரியும் இடங்களின் ஓரத்தில் வாரக்கணக்கில் தங்கின. அந்தத் திறந்த நீரில் ஈடர் வாத்துகள் முதலான கடற்பறவைகள் குளிர்காலத்தைக் கழிக்கும். கோடையில் எலி தின்னும் தூந்திராப் பறவை, குளிரில் கடலை நம்பி வாழும் என்று அதற்குமுன் பெரும்பாலோர் எண்ணியிருக்கவில்லை.

தெற்கே வருபவை விமான நிலையங்களைத் தேடி வருவதிலும் ஒரு தர்க்கம் உண்டு. தட்டையான தரை, மரமில்லை, கடல் காற்று. ஆந்தையின் கண்ணுக்கு அது தூந்திரா. பாஸ்டன் நகரின் லோகன் விமான நிலையத்தில் நார்மன் ஸ்மித் என்பவர் 1981 முதல் குளிர்காலந்தோறும் ஆந்தைகளை வலைவைத்துப் பிடித்து, வளையமிட்டு, பாதுகாப்பான கடற்கரைகளில் விட்டுவந்தார். நூற்றுக்கணக்கான ஆந்தைகள் அவர் கையில் ஏறி இறங்கியிருக்கின்றன. பட்டினிக் கதை பொய் என்று அவருக்குக் கை எடையிலேயே தெரிந்திருந்தது. நியூயார்க்கில் அந்தப் பொறுமை இல்லை. 2013 டிசம்பரில் அங்குள்ள விமான நிலையத்தில் மூன்று ஆந்தைகளைச் சுட்டுவிட்டார்கள். ஊர் கொதித்ததும் பாஸ்டன் வழிக்கு வந்தார்கள்.

ஊரில்லாத பறவையைத் தலைக்கணக்கு எடுப்பது எப்படி? அலாஸ்காவில் நல்ல ஆண்டில் இத்தனை, கனடாவில் நல்ல ஆண்டில் இத்தனை, ரஷ்யாவில் இத்தனை என்று கூட்டி, உலகில் ஏறக்குறைய 2,90,000 பனி ஆந்தைகள் என்று ஒருகாலத்தில் எழுதினார்கள். எல்லா ஊரிலும் நல்ல ஆண்டு ஒரே சமயத்தில் வருவதில்லை. அலாஸ்காவில் எண்ணிய பறவையே மறு ஆண்டு ரஷ்யாவில் உட்கார்ந்து மறுபடி எண்ணப்பட்டிருக்கலாம். ஒரே நாடகக் குழு ஊர் ஊராகப் போக, ஒவ்வோர் ஊரிலும் ஒரு குழு இருப்பதாகக் கணக்கெழுதிய கதை. ரஷ்ய ஆய்வாளர் யூஜின் போட்டபோவும் ரிச்சர்ட் சேலும் இந்த நடமாட்டத்தைக் கணக்கில் கொண்டு மதிப்பிட்டபோது எண்ணிக்கை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. இனப்பெருக்க வயதை எட்டியவை முப்பதாயிரத்துக்குள்தான் என்ற கணக்கின் பேரில், 2017இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவாய்ப்பு இனங்களின் பட்டியலில் ஏற்றியது.

கடிகாரமும் பழுதாகிவருகிறது. டிரெயில் தீவில் 2000ஆம் ஆண்டுவாக்கில் லெம்மிங் உச்சங்கள் நின்றுபோயின. வடக்கே ஸாக்கென்பர்க் என்ற ஆய்வு நிலையத்திலும் அதே கதை. 2012இல் வெளியான ஆய்வில், அந்தச் சரிவுக்குப் பின் பனி ஆந்தைக் குஞ்சுகளின் எண்ணிக்கை 98 விழுக்காடு வீழ்ந்ததாகக் கணக்கிட்டார்கள். நார்வேயின் ஃபின்சே மலைப்பகுதியில் 1994க்குப் பிறகு லெம்மிங் பெருக்கம் பொய்த்தது ஏன் என்று ஆராய்ந்தவர்கள் 2008இல் பனியின் தரத்தைக் கைகாட்டினார்கள். குளிர்காலத்தின் நடுவே வெப்பம் ஏறி, பனி உருகி, மறுபடி உறைந்தால், சீனிபோல மணியாக வேண்டிய அடித்தட்டு பாளமாக இறுகிவிடும். புல் அந்தப் பாளத்துக்குள் சிறைப்படும். லெம்மிங்குக்குச் சுரங்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை, பிரசவ அறையும் இல்லை. ஏறும் வெப்பம் ஆந்தையை நேரடியாகத் தாக்க வேண்டியதில்லை. தான் மிதிக்காத, பார்க்காத ஓர் அடுக்கில் மணி பாளமாவதில்தான் அதன் அடுத்த தலைமுறை அடங்கியிருக்கிறது.

பனி எல்லை நகர்வதும் ஆந்தை கூடவே நகர்வதும் புதிதல்ல. தென் பிரான்சில் த்ருவா ஃபிரேர் என்ற குகைச் சுவரில் இரண்டு ஆந்தைகளையும் குஞ்சையும் கீறி வைத்திருக்கிறார்கள், பனியூழி மனிதர்கள். அவை பனி ஆந்தைகள் என்பது பலருடைய கருத்து. அந்தப் பக்கத்துப் பழங்குகைகளில் வெட்டுத் தழும்புள்ள பனி ஆந்தை எலும்புகளும் கிடைத்திருக்கின்றன, பிடித்துத் தின்றிருக்கிறார்கள். அப்போது அங்கே தூந்திரா இருந்தது.

லெம்மிங் இல்லாமல் இந்தப் பறவை ஓரிடத்தில் நிலைத்துக் குடித்தனம் நடத்தவே முடியாதா? ஒருமுறை நடத்தியது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுக்கூட்டத்தில் ஃபெட்லர் என்றொரு சிறு தீவு. 1967 கோடையில் பாபி டல்லக் என்ற உள்ளூர்ப் பறவை நோக்கர் அங்கே ஒரு குன்றில் பனி ஆந்தையின் கூட்டைக் கண்டுபிடித்தார். பிரிட்டனில் அதற்குமுன் அந்தப் பறவை கூடு வைத்ததற்குப் பதிவு இல்லை. ஷெட்லாண்டில் லெம்மிங் கிடையாது. முயல் உண்டு. முயல் பஞ்சமில்லாமல் உண்டு, ஆண்டுதோறும் உண்டு. நான்காண்டுச் சுழற்சியும் இல்லை, தேடி அலையவும் தேவையில்லை. ஆந்தைகள் மறு ஆண்டும் அதே குன்றில் கூடு வைத்தன. அதற்கு மறு ஆண்டும். ராப்பகலாகக் காவல் போட்டார்கள், தொலைவில் மறைவிடம் கட்டி வேடிக்கை பார்க்க ஆட்களை அனுமதித்தார்கள். 1975 வரை ஏறத்தாழ இருபது குஞ்சுகள் அந்தக் குன்றிலிருந்து பறந்தன. முகவரியே இல்லாத பறவைக்கு ஒன்பது ஆண்டு ஒரே முகவரி.

தீவில் ஆண் ஒன்றே ஒன்றுதான். ஒரு கட்டத்தில் அதற்கு இரண்டு பெண்கள். எல்லையில் இன்னொரு ஆண் தலைகாட்டினால் விரட்டிவிடும். அப்படி விரட்டியதில் வளர்ந்து ஆளான அதன் சொந்தப் பிள்ளைகளும் அடக்கம். தூந்திராவில் அந்தக் குணத்தால் நட்டமில்லை. விரட்டப்பட்டவன் வேறிடம் பறந்துபோய் வேறு பெண்ணைப் பார்த்துக்கொள்வான். 1975க்குப் பிறகு அந்தக் கிழ ஆந்தையைக் காணவில்லை. பெண்கள் மட்டும் அதே குன்றைச் சுற்றியே இருந்தன. வருகிறவர்கள் கேட்டால், அதோ பாறைமேல் கோடு போட்டதுபோலத் தெரிகிறதே, அதுதான் என்று காட்டுவார்கள். 1993 வரை அவை அங்கே தென்பட்டன. துணை வரவில்லை.